ஒரு பிள்ளை வாய் திறந்த பிறகு: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் முதல் வாரத்திலேயே மூன்று பொருள் கைக்கு வரும்: ரசீதுப் புத்தகம், விளையாட்டுப் போட்டிக்கான டீ-சட்டை, பள்ளிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவின் நிர்வாகி உரிமை. குழுவில் எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்றுகூட ஒருவர் சொல்லித் தருவார். ஒரு பிள்ளை வந்து ஓர் ஆசிரியரைப் பற்றிப் புகார் சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. ஆறு ஆண்டு செயலாளராக இருந்தேன். அதில் ஒரு முறை இந்தச் சிக்கல் வந்தது. பாதியை நான் தப்பாகத்தான் செய்தேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானிலிருந்து அரை மணி நேரம். இருபுறமும் செம்பனை, நடுவே ஒரு வரிசைக் கடை, மாரியம்மன் கோவில், பந்துத் திடல், தமிழ்ப்பள்ளி. பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தப் பிள்ளையின் பெயரையே சொன்ன மாதிரி. இங்கே துன்புறுத்தல் என்று நான் எழுதுவதில் பிள்ளைமேல் கை வைப்பது, ஆபாசமாகப் பேசுவது, இரவில் தனியாகச் செய்தி அனுப்புவது, அளவு மீறி அடிப்பது எல்லாம் அடங்கும். அடிக்கு வழி கொஞ்சம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் ஏன் அப்படிப் பேசுகிறது

இது தெரியாமல் இறங்கினால் இரண்டே நாளில் நீங்களும் ஊரோடு சேர்ந்து பேச ஆரம்பித்துவிடுவீர்கள். நான் பேசினேன்.

தோட்டத்தில் வாத்தியார் என்பவர் பாடம் மட்டும் நடத்தியவர் அல்ல. மலாயில் வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவர், பாரம் நிரப்பிக் கொடுத்தவர், கோவில் திருவிழாக் கணக்கு எழுதியவர், காசு வாங்காமல் டியூசன் சொல்லிக் கொடுத்தவர். பல ஊர்களில் அவரே பால்மரம் வெட்டியவரின் மகன். 'நம்ம பிள்ளை படிச்சு வாத்தியாரா வந்துட்டான்' என்று லயமே கொண்டாடிய ஆள். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்' என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை நம்முடையது. அப்படி ஒப்படைத்த கையைப் பற்றி ஒரு பதினொரு வயதுப் பிள்ளை குறை சொன்னால், ஊருக்கு அது புகாராகவே கேட்பதில்லை, நன்றிகெட்ட பேச்சாகக் கேட்கிறது.

இரண்டாவது பயம், பள்ளியைப் பற்றியது. 150 மாணவருக்குக் கீழே இருந்தால் கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் தோட்டத்துப் பள்ளிகளில் நிறையப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறோம். பெயர் கெட்டால் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்க்க வருபவர்கள் டவுன் பள்ளிக்குப் போவார்கள், சேர்க்கை குறையும், ஒரு நாள் கதவைச் சாத்துவார்கள் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் ஓடும். தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று நல்லெண்ணத்தில் பேசுபவர்தான் பிள்ளையின் வாயை முதலில் அடைப்பார். அவர் கெட்டவரே அல்ல. அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது, எல்லோரும் சொந்தம். அந்தச் சாரின் மனைவி உங்கள் சித்தி மகளாக இருப்பார். கோவில் தலைவர் அவருக்கு மாமன். பள்ளி வேன் ஓட்டுபவர் அவரிடம் படித்தவர்.

இந்த மூன்று பயமும் உண்மையானவை. அவற்றுக்கான விலையை அந்தப் பிள்ளை மட்டும் கட்ட வேண்டும் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் ஒரு மணி நேரம்

பிள்ளை உங்களிடம் சொல்லும்போது முழுதாகச் சொல்லாது. 'சாருக்கு என்னைப் பிடிக்குது போல', 'டியூசனுக்கு இனிமே போகல', 'அந்த ரூமுக்கு நான் போக மாட்டேன்' என்ற மாதிரி ஓரத்திலிருந்து தொடங்கும். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் மீதியைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். அதனால் முகத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஐயோ கடவுளே' வேண்டாம்.

சொல்ல வேண்டியது மூன்றே வரி. 'சொன்னது நல்லதும்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. இதை நான் என்னோட வச்சுக்க முடியாது, உதவி செய்யுறவங்ககிட்ட சொல்லணும், ஆனா ஊர் பூரா சொல்ல மாட்டேன்.' மூன்றாவது வரியை மறைக்காதீர்கள். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்' என்று பிள்ளையின் கையில் அடித்துச் சொல்லிவிட்டு, மறுநாள் போலீசுக்குப் போனால் அந்தப் பிள்ளை உங்களையும் அந்தச் சாரோடு சேர்த்துவிடும்.

கேள்வி கேட்பதாக இருந்தால் 'அப்புறம் என்ன நடந்துச்சு?' என்ற ஒன்று போதும். 'இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா' என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில், பிள்ளைக்கு இவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வதற்கு அது போதும். பிள்ளை போன பிறகு, அதே நாளில், நீங்கள் கேட்டதை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன அதே சொற்கள். தமிழும் மலாயும் கலந்து சொன்னால் அப்படியே கலந்து எழுதுங்கள். அதைத் திருத்தி நல்ல தமிழாக்க வேண்டாம்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னதும், உறுதிப்படுத்த வேண்டும் என்று சங்கத் தலைவரிடம் கூட்டிப் போய்ச் சொல்ல வைத்தேன். தலைவர், தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போய்ச் சொல்ல வைத்தார். அங்கே நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதில் இருவர் அந்தச் சாரோடு தினமும் தேநீர் குடிப்பவர்கள். மூன்றாவது தடவை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, 'ஒண்ணும் இல்ல ஆண்ட்டி, நான் சும்மா சொன்னேன்' என்றாள். அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. 'பாத்தீங்களா, அவளே இல்லைன்னுட்டா' என்று அன்று மாலையே ஊர் பேசியது. பயந்த பிள்ளை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வது மிகச் சாதாரணம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு முறை சொல்லட்டும். அடுத்த முறை, விசாரிக்கப் பயிற்சி பெற்றவரிடம் சொல்லட்டும். நடுவில் எந்தப் பஞ்சாயத்தும் வேண்டாம்.

எங்கே போவது, எந்த வரிசையில்

பாலியல் விஷயம் என்றால், சட்டம் உங்களுக்கு யோசிக்க நேரம் தரவில்லை. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, அதாவது சட்டம் 792, அதன் 19-ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம். இது பெற்றோருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தலைமையாசிரியருக்கும், உங்களுக்கும், சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்காவுக்கும் பொருந்தும். 'பள்ளி உள்விசாரணை முடியட்டும்' என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவின் எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். பேச்சு மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் என்றால் முதலில் மருத்துவமனை. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒரே இடச் சேவை மையம் இருக்கிறது, ஆங்கிலச் சுருக்கமாக ஓ.எஸ்.சி.சி. என்பார்கள். எங்கள் பக்கத்துக்குத் தெலுக் இந்தான் மருத்துவமனை. பிள்ளையைக் குளிக்க வைக்க வேண்டாம், போட்டிருந்த துணியைத் துவைக்க வேண்டாம், பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் போனால் தடயம் எடுக்கவும் நோய்த்தடுப்பு மருந்து கொடுக்கவும் வழி உண்டு. நாள் கடந்துவிட்டது என்றாலும் போகலாம், மருத்துவர் பார்ப்பார். ஆனால் எத்தனை மாதம் கழித்துச் சொன்னாலும் புகார் புகார்தான்.

போலீஸ் ரிப்போர்ட்டை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். நம் ஊர் நிலையத்தில் கொடுத்தால் அடுத்த நிமிடம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தால், நேராகத் தெலுக் இந்தானுக்கே போங்கள். காசு கிடையாது. ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட வழக்கை டி11 என்று சொல்லப்படும் பாலியல், பெண்கள், சிறார் விசாரணைப் பிரிவு எடுத்துக்கொள்ளும். பிள்ளையைப் பெரும்பாலும் பெண் அதிகாரி தனி அறையில் விசாரிப்பார். அம்மாவுக்கு மலாய் சரளமாக வராவிட்டால், வருபவர் ஒருவரைக் கூட அனுப்புங்கள். அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். சின்ன விஷயம் மாதிரி தெரியும். 'பிடித்தார்' என்பதற்கும் 'தட்டினார்' என்பதற்கும் நடுவில் ஒரு வழக்கே போய்விடும்.

யாரிடம் ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 15999, தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அங்கிருந்து சமூக நலத்துறைக்கு, அதாவது ஜே.கே.எம்.முக்கு, தகவல் போகும். பிள்ளைக்கு வீட்டிலும் பாதுகாப்பு இல்லை என்றால் நலத்துறையின் பாதுகாவல் அதிகாரி வந்து பார்ப்பார். ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் என்ற பெண்கள் அமைப்பு இருக்கிறது. கூட வந்து உட்கார ஒரு வெளியூர் முகம் கிடைப்பதே பெரிய பலம்.

மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் இதற்கு அடுத்துத்தான். ஆசிரியர் அரசு ஊழியர் என்பதால் அவர்மேல் கட்டொழுங்கு நடவடிக்கை எடுப்பது அவர்கள் வேலை. கடிதத்தில் ரிப்போர்ட் எண்ணைப் போடுங்கள், பிள்ளையின் பெயரைப் போட்டுப் பத்துப் பேருக்குப் பிரதி அனுப்பாதீர்கள்.

அடி பற்றிய புகாருக்கு வருகிறேன். பிரம்படி நம் நாட்டுப் பள்ளிகளில் முற்றாகத் தடை செய்யப்படவில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி அது தலைமையாசிரியரின் அதிகாரம், அல்லது அவர் எழுதிக் கொடுத்தவரின் அதிகாரம். பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. கோபத்தில் கன்னத்தில் அறைவது, வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வைப்பது, காதைத் திருகி இழுப்பது எதுவும் அந்த விதியில் இல்லை. காயம் இருந்தால் படம் எடுத்து, அன்றே கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். லேசான விஷயம் என்றால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். காயம் பட்டிருந்தால் சிறார் சட்டம் 2001 இருக்கிறது. அதில் தண்டனை 20 ஆண்டுச் சிறை வரை போகும்.

ஊர் கேட்கும் ஐந்து கேள்விகள்

எந்த ஊராக இருந்தாலும் இந்த ஐந்தும் வரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள். அப்போது யோசிக்க முடியாது.

'அந்த நேரத்துல அவ ஏன் அங்க போனா?' சார் கூப்பிட்டார், போனாள். சார் கூப்பிட்டால் போக வேண்டும் என்று சொல்லி வளர்த்தது நாம்.

'நடந்து ஆறு மாசம் ஆச்சு, ஏன் இப்பச் சொல்றா?' இப்போதுதான் சொல்லத் தைரியம் வந்தது. அல்லது தங்கை அதே வகுப்புக்குப் போகப் போகிறாள். பல பிள்ளைகள் தனக்காக வாய் திறப்பதில்லை, தங்கச்சிக்காகத் திறக்கின்றன.

'இத்தனை வருஷமா வேற யாரும் சொல்லலையே?' இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் இப்போதெல்லாம் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்ப்பேன். ஏனென்றால் எங்கள் ஊரில் பிறகு இரண்டு பெண்கள், இருவரும் திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், என் வீட்டு வாசலுக்கு வந்து, 'எங்களுக்கும் நடந்துச்சுக்கா' என்றார்கள். அவர்கள் சொல்லாததற்குக் காரணம், முன்னால் ஒருத்தி சொன்னபோது அவளுக்கு என்ன ஆனது என்று பார்த்ததுதான்.

'அவங்க அம்மா லட்சணம் தெரியாதா?' இதற்குப் பதிலே சொல்லாதீர்கள். எழுந்து போய்விடுங்கள். அம்மா மறுமணம் செய்தவரா, தொழிற்சாலையில் இரவு ஷிப்டா, அப்பா குடிப்பவரா என்பதெல்லாம் விசாரணைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், புகார் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையாகவே இருக்கும். துன்புறுத்துபவர்கள், யாரைத் தேர்ந்தெடுத்தால் ஊர் நம்பாது என்று தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்புறம், 'பொய்ப் புகாரா இருந்தா சாரோட வாழ்க்கை என்ன ஆகுறது?' இது நியாயமான கேள்வி, இதை மட்டும் மரியாதையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே பொய் ரிப்போர்ட் கொடுப்பது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். அதைக் கண்டுபிடிக்கும் வேலையும் போலீசுக்குத்தான். சார் குற்றவாளி என்று நாமும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பிள்ளை பொய்க்காரி என்றும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விசாரணை முடியும்வரை இருவரையும் ஒரே கட்டடத்தில் வைக்காமல் இருந்தால் போதும். விலக வேண்டியவர் பெரியவர்தான், பிள்ளை அல்ல.

சமரசக்காரர்கள் வரும்போது

வருவார்கள். பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு மேல், பழம் வாங்கிக்கொண்டு. கோவில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (கணக்கர்) என்று மூன்று பேராக வருவார்கள். 'வெளிய தெரிஞ்சா பொம்பளப் பிள்ளைக்குத்தான் கேவலம்', 'சார் மன்னிப்புக் கேக்கத் தயாரா இருக்காரு', 'மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாரு, விட்டுருங்க' என்பார்கள். சில இடங்களில் பிள்ளையின் படிப்புச் செலவு என்று ஓர் உறையும் வரும்.

அந்த வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு. இது இரண்டு குடும்பத் தகராறு அல்ல, குற்ற வழக்கு. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது அரசாங்க வழக்கறிஞர் தரப்பின் முடிவு. ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்கிறேன் என்று அம்மா கையெழுத்துப் போட்டாலும் அதோடு முடிந்துவிடும் என்ற உறுதி கிடையாது, அதைப் போட்டதால் பிள்ளையின் வாக்குமூலம் பலவீனமாவது மட்டும் நடக்கும். இரண்டாவது, மாற்றலில் போகிறவர் வேறு ஒரு பள்ளிக்குத்தான் போகிறார். அங்கேயும் ஐந்தாம் ஆண்டு வகுப்பு இருக்கும்.

மானநஷ்ட வழக்கு என்று மிரட்டுவார்கள். இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: போலீசிடம் கொடுத்த ரிப்போர்ட்டை வைத்து மானநஷ்ட வழக்குப் போட முடியாது, அதற்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முகநூலில் எழுதியதற்கும் புலனத்தில் பரப்பியதற்கும் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே கோபத்தை எல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுங்கள், முகநூலில் எழுதாதீர்கள்.

2021 ஏப்ரலில் ஐன் ஹுஸ்னிசா என்ற 17 வயது மாணவி, வகுப்பில் ஆசிரியர் ஒருவர் பாலியல் வல்லுறவைப் பற்றிக் கேலியாகப் பேசினார் என்று டிக்டாக்கில் சொன்னார். நாடே பேசியது. பிறகு நடந்ததை மறந்துவிடுகிறோம்: சக மாணவரிடமிருந்தே மிரட்டல் வந்தது, அந்த ஆசிரியர் அவர்மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். துணைக்கு அப்பா அம்மா முழுதாக நின்ற, நகர்ப்புறத்துப் பிள்ளைக்கே அந்தக் கதி. சபாவில் கோத்தா பெலுட்டில் ஒரு மாணவி, ஆங்கில ஆசிரியர் மாதக்கணக்கில் வகுப்புக்கே வரவில்லை என்று 2018-இல் வழக்குப் போட்டார். துன்புறுத்தல் வழக்குகூட அல்ல. 2023-இல்தான் 150,000 ரிங்கிட் இழப்பீட்டுடன் வென்றார். ஐந்து ஆண்டு. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. நாம் கூட நிற்க வேண்டிய காலம் ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல என்பதற்காக.

புலனக் குழு

நிர்வாகி நீங்கள் என்பதால் இது உங்கள் தலையில்தான் விழும். சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பிள்ளையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'அந்த ஆண்டு 5 பிள்ளை, பச்சை வீட்டுக்காரங்க மக' என்று எழுதினாலும் எங்கள் மாதிரி ஊரில் அது பெயர்தான்.

பேச்சு தொடங்கியதும் குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டு, இப்படி ஒன்றைப் போடுங்கள்: 'ஒரு விவகாரம் போலீஸ் விசாரணையில் உள்ளது. சம்பந்தப்பட்ட எவருடைய பெயரையும் படத்தையும் இங்கேயோ வேறு குழுக்களிலோ பகிர வேண்டாம், சட்டப்படி குற்றம். உங்கள் பிள்ளை எதையாவது சொன்னால் 15999-க்கு அழையுங்கள்.' அவ்வளவுதான். விளக்கம் கேட்பவர்களுக்கு அதையே திரும்ப அனுப்புங்கள். ஆசிரியருக்கு ஆதரவாகக் கையெழுத்து வேட்டை தொடங்கினால் சங்கத்தின் பெயர் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் சிற்றுண்டிச்சாலை மேசையில் கிடக்கும்போது அந்தப் பிள்ளையும் அங்கேதான் மீ கோரேங் வாங்க நிற்கும்.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் திங்கட்கிழமை

ரிப்போர்ட் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் பிள்ளைக்குத் தண்டனை தொடங்குவது அந்தத் திங்கட்கிழமைதான், அதையும் யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாறி உட்காருவாள். நடன ஆசிரியை, 'இந்த வருஷம் நீ ரெஸ்ட் எடும்மா' என்பார். மாணவர் தலைவர் பட்டை, 'மன உளைச்சல் வேண்டாமே' என்று கழற்றி இன்னொருத்திக்குக் குத்தப்படும். எல்லாமே அக்கறை மாதிரியே நடக்கும். பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: சொன்னேன், எல்லாம் போச்சு.

அந்தச் சார் நன்றாகப் பந்து சொல்லிக் கொடுத்தவராக இருந்தால் பையன்களின் கோபம் இன்னும் நேரடியாக இருக்கும். 'உன்னாலதான் சார் போயிட்டாரு.' அந்தப் பையன்களைத் திட்டாதீர்கள். அவர்களும் ஒருவரை இழந்திருக்கிறார்கள். 'சார் போனது பெரியவங்க எடுத்த முடிவு, அவ எடுத்த முடிவு இல்ல' என்று அந்த வகுப்பில் ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

ஆகவே அந்தத் திங்கட்கிழமைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது: வேனில் யார் பக்கத்தில் உட்காருவார் என்று ஓர் அம்மாவிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை எதில் எல்லாம் இருந்ததோ, நடனமோ சதுரங்கமோ மாணவர் தலைவரோ, அதில் எல்லாம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று மாணவர் நலப் பிரிவுத் துணைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், பிள்ளையே வேண்டாம் என்றால் மட்டும் விலகல். கழிவறைக்கும் நூலகத்துக்கும் தனியாகப் போகப் பயந்தால் கூடப் போக ஒரு தோழி. ஓய்வு நேரத்தில் உள்ளே வந்து உட்கார ஓர் ஆசிரியையின் அறை. ஆசிரியர்களிலும் நல்லவர்கள் இருப்பார்கள், ஆனால் சக ஊழியருக்குத் துரோகம் என்ற பேச்சுக்குப் பயந்து ஒதுங்குவார்கள். அவர்களிடம் பெரிய உதவியாகக் கேட்காதீர்கள். 'காலையில அவளப் பாத்தா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க டீச்சர்' என்று மட்டும் கேளுங்கள்.

மே 16 ஆசிரியர் தினத்தையும் மறக்காதீர்கள். விசாரணையில் இருக்கும் ஒருவருக்கு மேடையில் மாலை போட்டு, அந்தப் பிள்ளையைக் கீழே நின்று வாழ்த்துப் பாட வைத்த கூத்தை நான் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரல் சங்கத்தின் கையில்தான் இருந்தது. என் கையெழுத்தோடுதான் அச்சானது.

பள்ளி மாற்றுவதே நல்லது என்று குடும்பம் முடிவு செய்தால் தடுக்காதீர்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதைப் பள்ளி முதலில் சொல்லக் கூடாது.

நீதிமன்றம் வரை போனால்

சீக்கிரம் முடியாது. பிள்ளை அதற்குள் படிவம் 1-க்குப் போயிருக்கும், இடைநிலைப்பள்ளியிலும் அதே முகங்கள் பாதி இருக்கும். அங்குள்ள ஆலோசகர் ஒருவருக்கு மட்டும் அம்மா சொல்லி வைக்கலாம்.

சாட்சி சொல்வதைப் பற்றி இரண்டு விஷயம் குடும்பத்துக்கு ஆறுதல் தரும். சிறார் சாட்சியச் சட்டம் 2007-இன் கீழ், குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலோ வேறு அறையிலிருந்து நேரலையிலோ பிள்ளை பேச வழி இருக்கிறது. சட்டம் 792-இன் 18-ஆம் பிரிவின்படி, வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம். 'சாட்சி யாரு இருக்கா?' என்று ஊர் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். பிள்ளையோடு கூட இருந்து சட்ட விஷயங்களை விளக்க, சட்ட உதவித் துறை சட்டத் துணையாளர் ஒருவரைத் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். குற்றம் நிரூபணமானால், ஆசிரியர் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர் என்பதால் 16-ஆம் பிரிவு கூடுதலாக ஐந்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் சேர்க்கிறது.

வழக்கு நாளில் பிள்ளையோடு போக ஒரு கார், கூட வரும் அம்மாவுக்கு வேலையிடத்தில் விடுப்பு, வீட்டில் இருக்கும் தம்பிக்கு மதியச் சாப்பாடு. சங்கத்தால் முடிகிற உதவி இதுதான், இதுவே நிறைய.

கூட்டக் குறிப்பு

கடைசியாக ஒன்று, செயலாளர்களுக்கு மட்டும். இந்த விவகாரம் செயலவையில் பேசப்பட்டால் குறிப்பில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், ஆசிரியரின் பெயர் வேண்டாம். தகவல் வந்த தேதி, யார் போலீசுக்குத் தெரிவித்தார், எந்தத் தேதியில், ரிப்போர்ட் எண், மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போன தேதி, பிள்ளையின் பாதுகாப்புக்குப் பள்ளி ஒத்துக்கொண்டவை. இவ்வளவும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு பிள்ளை வந்து சொல்லும்போது, அப்போதைய செயலாளர் முதலில் திறக்கப் போவது அந்தக் கோப்பைத்தான். நான் அடுத்தவரிடம் ஒப்படைத்த கோப்பில் அந்த மாதத்துக் குறிப்பின் கடைசி வரி, என் கையெழுத்தில், இப்படி இருக்கிறது: 'இதர விவகாரங்கள் பேசப்பட்டன. கூட்டம் இரவு மணி 9.40-க்கு நிறைவுற்றது.'